செஞ்சிக் கோட்டையும் ஒரு படிவம் நிரப்பித்தான் ஜெயித்தது: பழைய ஃபைலில் பேரை மட்டும் மாற்றுபவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

2025 ஜூலை 11 அன்று பாரிஸில் நடந்த யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் குழுவின் 47-வது கூட்டத்தில், ‘இந்தியாவின் மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்’ என்ற தொகுப்பாக 12 கோட்டைகள் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அதில் 11 மகாராஷ்டிராவில் இருப்பவை. மிச்சமிருக்கும் ஒன்று, விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சி.

1677-இல் சிவாஜி கைப்பற்றிய கோட்டை. அவர் மகன் ராஜாராம் உள்ளே இருக்க, 1690 முதல் 1698 வரை முகலாயப் படை வெளியே முற்றுகையிட்டுக் காத்திருந்த கோட்டை. 1714-இல் உயிர்விட்ட ராஜா தேசிங்கின் கதையை இன்றும் தெருக்கூத்து வரை சுமந்துகொண்டிருக்கும் ஊர். இவ்வளவு வரலாறு இருந்தும், பட்டியலில் இடம் கிடைக்க ஒரு வேலையைச் செய்தே ஆக வேண்டியிருந்தது. எல்லா நாடுகளுக்கும் பொதுவான ஒரு விண்ணப்பப் படிவத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும்.

டெம்ப்ளேட் என்றதும் பலருக்கு ரெஸ்யூமே டிசைனும், கல்யாணப் பத்திரிகை மாடலும்தான் ஞாபகம் வரும். யுனெஸ்கோவின் படிவமும் ஒரு டெம்ப்ளேட்தான். ஒரு நல்ல டெம்ப்ளேட் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை அதை வைத்தே புரிந்துகொள்ளலாம். மனு, வாடகை ஒப்பந்தம், கிரயப் பத்திரம், வேலை விண்ணப்பம் என்று தினமும் வேர்டு ஃபைலோடு மல்லுக்கட்டும் எல்லோருக்கும் இது தேவைப்படும்.

ஒன்பது தலைப்பு, தப்பிக்க வழியில்லை

உலகப் பாரம்பரிய விண்ணப்பத்துக்கு ஒன்பது பகுதிகள் உண்டு. இடத்தின் அடையாளம், அதன் விவரிப்பு, ஏன் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்ற நியாயம், இப்போதைய நிலையும் அதைப் பாதிக்கும் காரணிகளும், பாதுகாப்பும் நிர்வாகமும், கண்காணிப்பு, ஆவணங்கள், பொறுப்பு அமைப்புகளின் தொடர்பு விவரம், கடைசியாக அரசின் சார்பில் கையெழுத்து. அங்கோர்வாட் மாதிரி ஒரு கோயில் நகரமோ, நீலகிரி மாதிரி ஒரு மலை ரயிலோ இன்று விண்ணப்பித்தாலும் தலைப்புகள் இவைதான்.

முதல் பகுதியிலேயே அட்சரேகை, தீர்க்கரேகையை விநாடி அளவு வரை கேட்கிறார்கள். பரப்பளவு எத்தனை ஹெக்டேர், சுற்றிலும் பாதுகாப்பு வளையம் எவ்வளவு, வரைபடம் எங்கே என்று கேட்கிறார்கள். ‘செஞ்சிக்குப் பக்கத்தில் மூன்று மலை இருக்கிறது’ என்று எழுதினால் நடக்காது. 12 கோட்டைக்கும் தனித்தனியாக விவரம் தர வேண்டும்.

இன்னும் சுவாரஸ்யமானது நான்காவது பகுதி. கட்டுமான நெருக்கடி என்ன, சுற்றுச்சூழல் பாதிப்பு என்ன, பேரிடர் வந்தால் என்ன ஏற்பாடு, சுற்றுலாப் பயணிகளால் வரும் அழுத்தம் எப்படி, எல்லைக்குள் எத்தனை பேர் வசிக்கிறார்கள் என்று வரிசையாகக் கேள்விகள் வரும். சொந்த ஊர்ப் பெருமையைப் பேச வந்த யாரும் தானாக எழுத விரும்பாத விஷயங்கள் இவை. ஆனால் கட்டம் காலியாக இருந்தால் விண்ணப்பம் முழுமை பெறாது.

ஒரு டெம்ப்ளேட்டின் உண்மையான பலம் இதுதான். அது உங்களுக்காகப் பதில் எழுதித் தராது. நீங்கள் மறந்துவிடக்கூடிய, அல்லது நைசாகத் தாண்டிப் போகப் பார்க்கிற கேள்வியை விடாமல் கேட்கும். 12 கோட்டைக்கும் ஒரே படிவம் என்பதால் 12 கோட்டையும் ஒன்றுபோல ஆகிவிடவில்லை. கடலுக்குள் நிற்கும் சிந்துதுர்க்கும், மலை மேல் நிற்கும் ராஜகிரியும் ஒரே தலைப்பின் கீழ் வேறு வேறு பதிலைத்தான் சொல்ல முடியும்.

செஞ்சியில் ஆயிரம் வருஷத்துக்கும் முந்தைய டெம்ப்ளேட்

இது புதுசாக வந்த யோசனையும் இல்லை. செஞ்சிக்குப் பக்கத்திலேயே திருநாதர்குன்று இருக்கிறது. பாறையில் 24 தீர்த்தங்கரர்களின் உருவங்களைச் செதுக்கியிருக்கும் சமணக் குன்று. அங்கே இருக்கும் பழைய கல்வெட்டு ஒன்று, 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நினைவிடம் என்ற செய்தியைச் சொல்கிறது. தமிழ் எழுத்து மாறிவந்த காலத்தைக் காட்டும் சான்றாகவும் அதை எழுத்தியல் அறிஞர்கள் முக்கியமாகப் பேசுவார்கள். அதே குன்றில் இன்னொரு கல்வெட்டும் உண்டு. 30 நாள் நோன்பிருந்த இளைய பட்டாரர் என்பவரின் நினைவிடம் என்பது அதன் செய்தி.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். எத்தனை நாள், என்ன நோன்பு, யார், இது என்ன கல். இரண்டிலும் இதே நான்கு விவரங்கள். மாறுவது எண்ணும் பெயரும் மட்டும். சுற்றி வளைக்காத, எதையும் விடாத ஒரு படிவம் பாறையிலேயே இருக்கிறது.

சோழர் காலத்துக்கு வந்தால் இந்தப் பழக்கம் இன்னும் பெரிதாகிறது. முதலாம் ராஜராஜன் காலத்திலிருந்து கல்வெட்டுகளின் தொடக்கத்தில் மெய்க்கீர்த்தி வருகிறது. அரசனின் வெற்றிகளைச் சொல்லும் அந்தப் பகுதி ஊருக்கு ஊர் அநேகமாக ஒன்றுபோலவே இருக்கும். ஆட்சியாண்டு ஏற ஏறப் புது வெற்றிகள் சேரும். அதற்குப் பிறகுதான் அந்தந்த ஊர் விஷயம்: யார் கொடுத்தார், எந்த நிலம், நான்கெல்லை எது, யார் சாட்சி. மாறாத பகுதி ஒருபக்கம், மாறும் பகுதி இன்னொருபக்கம் என்று தெளிவாகப் பிரித்து வைத்திருந்தார்கள். வேர்டு இல்லாத காலத்து வேர்டு டெம்ப்ளேட் என்றே சொல்லலாம்.

‘பழைய ஃபைல் இருக்கே, பேரை மட்டும் மாத்திடலாம்’

இப்போது நிகழ்காலத்துக்கு வரலாம். ஆபீஸிலோ, ஜெராக்ஸ் கடையிலோ, டைப்பிங் சென்டரிலோ டெம்ப்ளேட் என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் வேறொன்று. யாருக்கோ, எப்போதோ அடித்த ஃபைலைத் திற. பழைய பெயரை அழி. புதுப் பெயரைப் போடு. பிரின்ட் எடு. முடிந்தது.

இதில் என்ன ஆபத்து? அந்த ஃபைலில் கேள்வி எதுவும் இல்லை. முழுக்க முழுக்க இன்னொருவரின் பதில்கள்தான். எது மாற வேண்டியது, எது மாறாதது என்று ஃபைலுக்குத் தெரியாது, உங்கள் கண்தான் தேட வேண்டும். முதல் பக்கத்தில் பெயர் மாறியிருக்கும், மூன்றாம் பக்கத்தில் பழைய ஆளே உட்கார்ந்திருப்பார். முகவரி மாறியிருக்கும், ‘அன்னாரது மனைவி’ என்பது ‘அன்னாரது கணவர்’ என்று மாறாமல் இருக்கும்.

மனுவில் இப்படி நடந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். சொத்துப் பத்திரத்தில் நடந்தால் சிரிப்பு வராது. 1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டத்தின் 21-வது பிரிவு, அசையாச் சொத்து தொடர்பான ஆவணத்தில் அந்தச் சொத்தை அடையாளம் காணப் போதுமான விவரம் இருக்க வேண்டும் என்கிறது. சர்வே எண்ணின் உட்பிரிவு ஒன்று தப்பாக இருந்தாலும், நான்கெல்லையில் வடக்கும் தெற்கும் இடம் மாறியிருந்தாலும், பிழைத்திருத்தல் ஆவணம் போட வேண்டிவரும். அதற்கு எழுதிக் கொடுத்தவர் மறுபடி வந்து கையெழுத்துப் போட வேண்டும். அவர் வெளியூர் போயிருந்தால் அலைச்சல். இறந்துபோயிருந்தால் வாரிசுகளைத் தேட வேண்டும். ஒத்துழைக்க மறுத்தால் நீதிமன்றம்தான். ஒரு வீட்டுக்கடன், ஒரு பாகப்பிரிவினை, ஒரு கல்யாணச் செலவு இதனால் மாதக்கணக்கில் நின்றுபோகலாம்.

செஞ்சி வட்டாரத்துக்கே உரிய சிக்கலும் உண்டு. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்தது. அதற்கு முன் அடித்த ஃபைலை இன்று திறந்து பெயரை மாற்றினால், கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரருக்கும் ‘விழுப்புரம் மாவட்டம்’ என்றே பிரின்ட் வரும். செஞ்சி என்ற பெயரையே ஆங்கிலத்தில் இரண்டு விதமாக எழுதுகிறார்கள். ஆங்கிலேயர் காலத்து எழுத்துக்கூட்டல் ஒன்று, தமிழ் ஒலிக்கு நெருக்கமானது இன்னொன்று. பழைய ஃபைலில் ஒன்றும் உங்கள் அடையாள அட்டையில் மற்றொன்றும் இருந்தால், கவுன்டரில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கப்போவது நீங்கள்தான்.

பழைய ஃபைலில் கண்ணுக்குத் தெரியாத சுமையும் இருக்கும். யார் உருவாக்கியது, கடைசியாக யார் சேமித்தார், அழித்ததாக நினைத்த திருத்தங்கள், ஓரத்தில் எழுதிய குறிப்புகள் எல்லாம் ஃபைலுக்குள் ஒட்டிக்கொண்டே வரலாம். 2003 பிப்ரவரியில் ஈராக் பற்றி பிரிட்டன் அரசு வெளியிட்ட அறிக்கைக்கு நடந்தது இதுதான். அதன் பெரும்பகுதி ஓர் ஆய்வாளரின் கட்டுரையிலிருந்து எழுத்துப்பிழையோடு அப்படியே எடுக்கப்பட்டது என்று தெரியவந்தது. இணையத்தில் போட்டது வேர்டு ஃபைல் என்பதால், அதைத் திருத்திச் சேமித்தவர்களின் பெயர்களும் உள்ளேயிருந்து வெளியே வந்தன. ஒரு நாட்டின் பிரதமர் அலுவலகத்துக்கே இந்தக் கதி என்றால், ஊர்க்கோடி டைப்பிங் சென்டரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

காலிப் பக்கமும் ஒரு டெம்ப்ளேட்தான்

‘எனக்கு டெம்ப்ளேட்டே வேண்டாம், புதுசாக அடிச்சுக்கிறேன்’ என்பவர்களும் டெம்ப்ளேட்டிலிருந்து தப்பவில்லை. வேர்டைத் திறந்ததும் வரும் வெள்ளைப் பக்கம் ‘நார்மல்’ என்ற டெம்ப்ளேட்டிலிருந்துதான் வருகிறது. எழுத்துரு, எழுத்தின் அளவு, ஓரத்து இடைவெளி எல்லாம் ஏற்கெனவே முடிவு செய்யப்பட்டவை. 2007 முதல் கலிப்ரி, 2023-க்குப் பிறகு ஆப்டோஸ். இரண்டிலும் தமிழ் எழுத்து இல்லை. நீங்கள் தமிழில் அடிக்கும்போது, கம்ப்யூட்டரில் இருக்கும் லதா, நிர்மலா போன்ற ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவை வேர்டு தானாக எடுத்துப் போடுகிறது. அதனால்தான் ஒரே ஃபைல் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு மாதிரியும், கடை கம்ப்யூட்டரில் வேறு மாதிரியும் தெரிகிறது. ஒரு பக்கத்தில் முடிந்த மனு, கையெழுத்தை மட்டும் இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளிவிடுவதும் இதனால்தான்.

இன்னொரு நுணுக்கம். வேர்டைப் பொறுத்தவரை தமிழ் ‘சிக்கலான எழுத்துமுறை’ என்ற வகையில் வருகிறது. ஆங்கிலத்துக்கு ஒரு எழுத்துரு அமைப்பு, இந்த வகைக்குத் தனியாக இன்னொன்று. ஃபான்ட் பெட்டியில் மேலே இருப்பதை மட்டும் மாற்றிவிட்டு, ‘தமிழ் மாறவே மாட்டேங்குது’ என்று புலம்புபவர்கள் கீழே இருக்கும் ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்’ பகுதியைப் பார்க்க வேண்டும். லிப்ரே ஆபீஸிலும் இதே மாதிரித் தனி அமைப்பு உண்டு. டெம்ப்ளேட்டில் ஒருமுறை சரிசெய்துவிட்டால் பிறகு அந்தத் தொல்லை இல்லை.

தாளின் அளவையும் பாருங்கள். கம்ப்யூட்டர் அமெரிக்க அமைப்பில் இருந்தால் பக்கம் ‘லெட்டர்’ அளவில் வரும்: 216-க்கு 279 மில்லிமீட்டர். இங்கே பிரின்டரில் இருப்பது ஏ4: 210-க்கு 297. பிரின்ட் எடுத்தால் வரி நகர்ந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி பழைய எழுத்துருக்கள். பாமினி, வானவில் போன்றவற்றில் அடித்த ஃபைலை, அந்த எழுத்துரு இல்லாத போனில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் தெரியும். தேடினாலும் கிடைக்காது, காப்பி செய்து வாட்ஸ்அப்பில் போடவும் முடியாது. தமிழக அரசு 2010-லேயே ஒருங்குறியைத் தரமாக ஏற்றுவிட்டது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் ஒருங்குறி எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. புது டெம்ப்ளேட் செய்யும் யாரும் இனி பழைய எழுத்துருவில் தொடங்கக் கூடாது. தொடங்கினால், அடுத்தவர் படிக்க முடியாத ஃபைலைத்தான் திரும்பத் திரும்பப் பிரதி எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

முதல் டெம்ப்ளேட்: ஒரு தகவல் உரிமை மனு

சரி, எப்படிச் செய்வது? எளிய உதாரணமாக 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் போடும் மனுவை எடுத்துக்கொள்ளலாம். ‘செஞ்சியில் எங்கள் தெரு சாலைக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள்?’ என்று கேட்க நினைக்கும் ஒருவருக்கான டெம்ப்ளேட் அது.

முதல் வேலை, கம்ப்யூட்டரைத் தொடாமல் ஒரு பேப்பரில் இரண்டு பட்டியல் போடுவது. மாறாதவை ஒருபக்கம்: ‘பொதுத் தகவல் அலுவலர்’ என்ற விளிப்பு, சட்டத்தின் பெயர், 6(1) பிரிவு, 10 ரூபாய் கட்டண விவரம், 30 நாளில் பதில் தர வேண்டும் என்ற 7(1) பிரிவு. மாறுபவை மறுபக்கம்: எந்த அலுவலகம், எந்த ஆண்டு, எந்த ஊர், என்ன தகவல், மனுதாரர் பெயர், முகவரி, தேதி.

இரண்டாவது வேலை, இருக்கக் கூடாததை எடுத்துவிடுவது. கைக்குக் கை மாறி வரும் பல மாதிரிகளில், தகவல் ஏன் வேண்டும் என்று ஒரு பத்தி இருக்கும். சட்டத்தின் 6(2) பிரிவு, காரணம் சொல்லத் தேவையில்லை என்கிறது. தொடர்புகொள்ளத் தேவையான விவரம் போதும். ஆகவே உங்கள் டெம்ப்ளேட்டில் ‘காரணம்’ என்ற கட்டமே வேண்டாம். தப்பான கேள்வியைக் கேட்கும் டெம்ப்ளேட், மனுதாரரைத் தேவையில்லாமல் தற்காப்புக்குத் தள்ளிவிடும்.

மூன்றாவது, ஸ்டைல். தலைப்பு, பொருள், உடல்பகுதி என்று ஒவ்வொன்றுக்கும் வேர்டில் ‘ஸ்டைல்ஸ்’ பகுதியில் எழுத்துருவையும் அளவையும் நிர்ணயித்துவிடுங்கள். ஒவ்வொரு வரியையும் தேர்ந்தெடுத்து போல்டு போடும் பழக்கத்தை விடலாம். ஸ்டைலை ஓரிடத்தில் மாற்றினால் ஃபைல் முழுக்க மாறும். ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி வலதுபக்கம் தள்ளுவதற்குப் பதிலாக டேபையோ, கோடு தெரியாத அட்டவணையையோ பயன்படுத்தினால், வேறு கம்ப்யூட்டரிலும் வரி நகராது.

நான்காவது, நிரப்பும் கட்டங்கள். ‘டெவலப்பர்’ டேபில் ‘கன்டென்ட் கன்ட்ரோல்’ என்ற வசதி இருக்கிறது. பெயருக்கு ஒரு கட்டம், தேதிக்கு ஒரு காலண்டர் கட்டம், மாவட்டத்துக்கு ஒரு டிராப்டவுன் பட்டியல். அந்தப் பட்டியலில் விழுப்புரமும் கள்ளக்குறிச்சியும் தனித்தனியாக இருந்தால், பழைய மாவட்டப் பெயர் தானாக நுழைய வழியே இல்லை. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு குறிப்பு எழுதலாம். ‘எந்த நிதியாண்டு? எந்த வார்டு? எந்த ஆவணத்தின் நகல்?’ என்று கேள்வியாகவே எழுதுங்கள். ‘இங்கே தட்டவும்’ என்ற குறிப்பைவிட அது பத்து மடங்கு உதவும்.

ஐந்தாவது, தேதி. ‘தானாகப் புதுப்பிக்கவும்’ என்ற தேர்வோடு தேதியைச் செருகினால், ஆறு மாதம் கழித்துத் திறக்கும்போது அன்றைய தேதி வந்து உட்கார்ந்துவிடும். முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள், இரண்டாவதற்கு 90 நாள் என்று கெடு ஓடும் இடத்தில், மனு போட்ட தேதி உங்கள் நகலில் மாறிப்போவது விளையாட்டு இல்லை. கையால் நிரப்பும் தேதிக் கட்டமே பாதுகாப்பானது.

கடைசியாகச் சேமிப்பது. ‘சேவ் ஆஸ்’ போய் ‘வேர்டு டெம்ப்ளேட்’ என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். இதில்தான் விஷயமே இருக்கிறது. அப்படிச் சேமித்ததை டபுள் கிளிக் செய்தால் மூல ஃபைல் திறக்காது, அதன் புதுப் பிரதிதான் திறக்கும். எத்தனை பேர் எத்தனை முறை அடித்தாலும் மூலம் அப்படியே இருக்கும். மூலத்தையே திருத்த வேண்டுமானால் ‘ஃபைல்’ போய் ‘ஓபன்’ வழியாகத் திறக்க வேண்டும். லிப்ரே ஆபீஸில் ‘ஃபைல்’, ‘டெம்ப்ளேட்ஸ்’, ‘சேவ் ஆஸ் டெம்ப்ளேட்’ என்று போனால் அதே வேலை முடியும், காசும் கிடையாது. மாறாத பகுதியில் யாரும் கை வைக்கக் கூடாது என்றால் வேர்டில் ‘ரெஸ்ட்ரிக்ட் எடிட்டிங்’ போய், படிவத்தை நிரப்ப மட்டும் அனுமதி என்று பூட்டிவிடலாம்.

ஃபைலை வெளியே அனுப்பும் முன் ‘இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட்’ ஒருமுறை ஓட்டுங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் பெயர்களும் குறிப்புகளும் தெரியவரும், அங்கேயே நீக்கிவிடலாம்.

கையில் போன் மட்டும்தான் இருக்கிறதா?

போன் வேர்டில் இந்தக் கட்டங்களை உருவாக்குவது சிரமம். கூகுள் டாக்ஸில் ஒரு சுலபமான வழி இருக்கிறது. மாதிரி ஃபைலை ஒருமுறை தயார்செய்து, ‘பார்க்க மட்டும்’ என்ற அனுமதியோடு பகிருங்கள். லிங்கின் கடைசியில் ‘எடிட்’ என்ற ஆங்கிலச் சொல்லோடு தொடங்கும் பகுதியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ‘காப்பி’ என்ற ஆங்கிலச் சொல்லைப் போட்டு அனுப்பினால், திறப்பவருக்குச் சொந்தமாக ஒரு பிரதி எடுக்கச் சொல்லிக் கேட்கும். உங்கள் மூலம் பத்திரம், அவர் பிரதி அவருக்கு. குடியிருப்போர் சங்கமோ, இளைஞர் குழுவோ, சின்ன கம்பெனியோ ஒரே மாதிரியைப் பத்துப் பேருக்குக் கொடுக்க இது போதும்.

வேலை தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு பத்தி, வட்ட போட்டோ, திறமைக்கு ஐந்து ஸ்டார் என்று கண்ணைப் பறிக்கும் ரெஸ்யூமே டெம்ப்ளேட்டுகளை நம்பி ஏமாற வேண்டாம். பல நிறுவனங்களில் விண்ணப்பத்தை முதலில் படிப்பது சாஃப்ட்வேர்தான். டெக்ஸ்ட் பாக்ஸுக்குள் இருப்பதை அது தவறவிடலாம், வரிசை மாற்றியும் படிக்கலாம். ஒரே பத்தி, தெளிவான தலைப்பு, தலைப்புக்கு முறையான ஸ்டைல் போதும். ‘அந்த வேலையில் நீங்கள் செய்து முடித்தது என்ன?’ என்று கேட்கும் கட்டம் இருக்கும் டெம்ப்ளேட், ஸ்டார் போடச் சொல்லும் டெம்ப்ளேட்டைவிட மேல்.

எல்லோரும் ஒரே மாதிரி எழுதினால் யார் படிப்பார்கள்?

நியாயமான கேள்வி. திங்கட்கிழமை தோறும் கலெக்டர் அலுவலகங்களில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கிறது. செஞ்சியிலிருந்து ஒருவர் விழுப்புரம் போய் மனு கொடுக்க, பஸ் பயணமும் காத்திருப்பும் சேர்ந்து ஒரு நாள் கூலி போய்விடும். அங்கே ஒரே மாதிரி அச்சடித்த மனுக்கள் கட்டாக வந்தால், அதிகாரிகள் மேலோட்டமாகப் பார்ப்பார்கள் என்ற பயம் இருக்கத்தான் செய்யும். பதிலும் ‘தங்கள் மனு உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது’ என்ற டெம்ப்ளேட் வரியாகவே வந்தால் எரிச்சல் வரும்.

ஆனால் அங்கே ஒரே மாதிரி இருப்பது எது என்று பார்க்க வேண்டும். பதில்களைப் பிரதியெடுத்த மனுதான் செத்துப்போகிறது. ‘பல ஆண்டுகளாக அவதிப்பட்டு வருகிறோம், ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்’ என்ற வரியில் எந்தத் தெரு என்றும் தெரியாது, என்ன வேண்டும் என்றும் தெரியாது. அதே மனுவில் எந்தத் தேதியிலிருந்து தண்ணீர் வரவில்லை, முன்பு கொடுத்த மனுவின் எண் என்ன, எத்தனை வீடு, யார் என்ன செய்ய வேண்டும் என்று நான்கு கட்டங்கள் இருந்தால், நூறு மனு வந்தாலும் நூறும் வேறு வேறு தகவலைச் சொல்லும். திருநாதர்குன்றில் ஒருவருக்கு 57 நாள், இன்னொருவருக்கு 30 நாள் என்பது போல.

அதிகாரிகளுக்கும் இது லாபம்தான். ஒரே வரிசையில் தகவல் வந்தால் பிரித்து அனுப்புவது சுலபம், எந்தத் தெருவிலிருந்து அதிகப் புகார் என்று எண்ணிப் பார்ப்பதும் சுலபம். பணிவான சொற்களைத் தேடி அரைப் பக்கம் படிக்க வேண்டியதில்லை.

அரசு செய்ய வேண்டிய ஒரு வேலை

தனிமனிதர்கள் டெம்ப்ளேட் செய்யக் கற்றுக்கொள்வது பாதி தீர்வுதான். மீதி அரசின் கையில். தமிழகப் பதிவுத்துறை இதில் ஒரு நல்ல பாதையைக் காட்டியிருக்கிறது. அதன் இணையதளத்தில் மாதிரி ஆவணங்கள் இருக்கின்றன. விவரங்களை நிரப்பி ஆவணத்தைத் தளத்திலேயே உருவாக்கும் வசதியும் இருக்கிறது. செஞ்சி சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும் ஒருவர், பத்திரத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே வீட்டில் உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம். ஆவண எழுத்தரின் அனுபவம் தேவைப்படும் இடங்களில் அவரிடம் போகலாம். ஆனால் அவர் எழுதியதைச் சரிபார்க்கும் பலம் இப்போது வாங்குபவரிடமும் இருக்கிறது.

மற்றப் பல துறைகளில் இன்னும் கிடைப்பது, ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து, சாய்ந்த நிலையில் ஸ்கேன் செய்த பிடிஎஃப். அதில் டைப் அடிக்க முடியாது. பார்வையற்றவரின் போன் அதை வாசித்துக் காட்டாது. சின்ன எழுத்தைப் பெரிதாக்கினால் மங்கும். கடைசியில் யாரோ ஒரு டைப்பிங் சென்டரில் அதைப் பார்த்து மறுபடி அடிக்கிறார்கள், ஒரு பிழையோடு. அந்த ஃபைல் ஊர் முழுக்கப் பரவுகிறது.

துறைகள் செய்ய வேண்டியது பெரிய செலவுள்ள வேலை இல்லை. ஒவ்வொரு படிவத்தையும் தமிழில், ஒருங்குறியில், கட்டங்களோடு, வேர்டு, லிப்ரே ஆபீஸ் இரண்டிலும் திறக்கும் டெம்ப்ளேட்டாக வெளியிட வேண்டும். எந்தத் தேதியில் திருத்தியது என்று அடியில் போட வேண்டும். மாவட்டம் பிரிந்தாலோ, கட்டணம் மாறினாலோ மூலத்தில் ஒருமுறை திருத்தினால் போதும். ஒவ்வொரு கட்டத்துக்கும் எளிய தமிழில் ஒரு விளக்கம் இருந்தால், ‘பூர்த்தி செய்ய யாராவது இருக்காங்களா?’ என்று வாசலில் தேடும் நிலை குறையும்.

கோட்டையைப் பட்டியலில் சேர்க்க அட்சரேகையை விநாடி வரை கணக்கிட்டுக் கொடுக்க முடிந்திருக்கிறது. அந்தக் கோட்டைக்குக் கீழே குடியிருப்பவர் தன் நாலு சென்ட் மனையின் எல்லையைப் பிழையில்லாமல் எழுத, புரியும்படி கேள்வி கேட்கும் ஒரு படிவத்தைத் தருவது அதைவிடக் கஷ்டமான காரியமாக இருக்க முடியாது.